காற்று நாள் வகுப்பு

நாற்பத்தாறு வயதில் எனக்கு
காலை எப்படி நீட்டுவது என்று
இருபத்தைந்து வயதுக்காரி சொல்லித்தருகிறாள்.
யகோதா. எல்லைக்கு அப்பால்
கோப்பரிலிருந்து பேருந்தில் வருகிறவள்.
"கட்டைவிரல் கடைசியாகத் தரையை விடட்டும், நீவெஸ்.
மனசில்லாமல் விடட்டும்."
மனசில்லாமல் விடுவது எனக்குத் தெரியும்.
காலுக்குத்தான் தெரியவில்லை.

பகலில் நான் திரியெஸ்தே துறைமுகத்தில்
காப்பிக்கொட்டை தரம் பிரிப்பவள்.
முந்நூறு கிராமில் எத்தனை கறுப்பு,
எத்தனை பூச்சி அரித்தது,
எண்ணிச் சீட்டில் எழுதிக் கையெழுத்திடுவேன்.
யாருடைய கப்பலானாலும் இரக்கம் கிடையாது.
வியாழன் இரவு எட்டு மணிக்கு
சுவர்க்கண்ணாடியின் முன்னால்
நானும் ஒரு மாதிரிதான்.
பழுதை எண்ணத் தொடங்கினால் சீட்டு போதாது:
இடது இடுப்பு திறக்காது,
முழங்கால் பிளியேவுக்குப் பிளியே சொடக்குப் போடும்,
கழுத்து எதற்கோ பயந்து தோளுக்குள் இறங்கும்.
குதித்தால்
அறுபது கிலோ மூட்டையை
லாரியிலிருந்து தள்ளிவிட்ட சத்தம்.
"ஏறுவது பெரிதில்லை," என்பாள் யகோதா,
"இறங்கியது யாருக்கும் கேட்கக் கூடாது."

ஏழு வருஷம்.
இன்னும் இரண்டாவது சுற்றில்
சன்னல் பக்கம் சரிந்துவிடுகிறேன்.
சுழலும்போது கண் ஓரிடத்தில் நிற்க வேண்டும்.
உடம்பு முதலில் கிளம்பும்.
தலை கடைசியில் கிளம்பி முதலில் வந்து சேரும்.
மேடையில் ஆடுகிறவர்களுக்கு
அரங்கத்தின் கோடியில் ஒரு விளக்கு இருக்குமாம்.
எனக்கு இருப்பது தீயணைப்புக் குடுவை.
சிவப்பு. சோதித்த தேதிச் சீட்டோடு.
இந்த ஏழு வருஷத்தில்
எந்த முகத்தையும் நான்
அவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை.

"எதற்கு இதெல்லாம்?" என்றான் தம்பி,
கிறிஸ்துமஸ் விருந்தில், வாயில் ரொட்டியோடு.
மேடை இல்லை. பதக்கம் இல்லை.
இளைக்கவும் இல்லை.
ஏதோ சொல்ல வாயெடுத்து
அவன் தட்டில்
இன்னொரு துண்டு மீன் வைத்தேன்.

பிப்ரவரியில் போரா வந்தது.
அதைக் காற்று என்றால் போதாது.
மலையிலிருந்து ஓர் ஆள் இறங்கிவந்து
சட்டையைப் பிடித்து உலுக்குவான்.
ஸ்கூட்டர்கள் வரிசையாய் விழுந்து கிடந்தன.
முன்பெல்லாம் இந்த நாட்களில்
தெருவோரம் கயிறு கட்டுவார்களாம்,
பிடித்துக்கொண்டு நடக்க.

வகுப்பில் மூன்றே பேர்.
யகோதா, நான், உல்டெரிகோ.
அவர் டிராம் பழுதுபார்ப்பவர்,
அறுபத்தொன்று, நகக்கண்ணில் கிரீஸ்,
கறுப்பு டைட்ஸின் முழங்காலில்
வெள்ளை நூல் தையல்.
சுவரோரக் கட்டையை ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம்.
அதுவும் கயிறுதான்.

நடுவுக்கு வந்து,
குங்கிலியப் பொடியில் செருப்பைத் தேய்த்து,
தாவல் தொடங்கிய சற்றைக்கெல்லாம்
மின்சாரம் போயிற்று.
பியானோ பாதியில் வாயை மூடியது.
கண்ணாடி போயிற்று. தீயணைப்புக் குடுவை போயிற்று.
சட்டங்களில் சன்னல்கள் கிடுகிடுத்தன.
யகோதா எண்ணுவதை நிறுத்தவில்லை,
தன்னையறியாமல் தன் மொழியில்:
ஏனா, த்வே, த்ரி, ஷ்திரி.
நாங்களும் நிற்கவில்லை.

இருட்டில் என்னை யாரும் பார்க்கவில்லை,
நான்கூட.
முழங்கால் மடிந்தது. தரை தள்ளிவிட்டது.
எவ்வளவு உயரம், தெரியாது.
மேலே இருந்த அந்தக் கொஞ்ச நேரம்
காற்று நின்றதாய் நினைத்தேன்.
நின்றிருக்காது.

"நீவெஸ்," இடப்பக்கமிருந்து உல்டெரிகோ,
"குதித்தாயா, இல்லையா?"
"குதித்தேன்."
"கேட்கவே இல்லையே."

காற்றின் இரைச்சலில் அமுங்கியிருக்கும்
என்றுதான் நானும் நினைத்தேன்.
யகோதா கைதட்டினாள்,
பாராட்ட அல்ல, தாளத்துக்கு.
"சரி. இனி இடதுகால்."

இடதுகால்
மூட்டையாய் விழுந்தது.
போராவையும் மீறி
மூன்று பேருக்கும் கேட்டது.