கிளிப் வேண்டாம்

இருபத்திரண்டு வீடு, வீட்டுக்கு ஐந்நூறு.
பதினோராயிரத்துக்கு ரப்பர் வளையம் போட்டு
ராகலையில் முதல் பஸ் ஏறினேன்.
பக்கத்தில் ஆரோக்கியநாதன். லைசன்ஸ் அவன் பேரில்.
துவக்கு மாமனாருடையது, ஒற்றைக் குழல்,
பிடி பிளந்து கம்பி சுற்றியது.
அதற்குத்தான் கண் வாங்கப் போகிறோம்.

நுவரெலியாவில் புஹாரி நானா கடை.
தூண்டில், மழைக்கோட்டு, உள்ளறையில் இந்தச் சாமான்.
தூரக்கண்ணாடியை முதலில் எடுத்தார்,
குளிப்பாட்டிய பிள்ளையைத் தூக்குவதுபோல், துணியோடு.
வாசலில் நின்று பார்த்தேன்.
எதிர்க்கடை மருந்துக்காரர் காது குடைவது
என் மூக்கு நுனியில் நடந்தது.
உள்ளே இருந்த மயிரிழைச் சிலுவை
அவர் கழுத்தில் போய்ப் படுத்தது.
சட்டென்று இறக்கிவிட்டேன்.

"எங்க பக்கம் மூட்டம் நானா. இதுல என்ன தெரியும்?"
"மூட்டம் தெரியும்," என்றார். "நாலு மடங்கு பெருசா."
உங்கள் துவக்கு உதைக்கிற உதைக்கு
விளிம்பு வந்து புருவத்தில் பிறை வெட்டும் என்று
தன் வலது புருவத்தைத் தடவிக் காட்டினார்.
வெட்டியிருந்தது.

அடுத்தது லேசர்.
சிமெண்டுத் தரையில் சிவப்புப் பொட்டு ஓட
கடைப்பூனை பின்னால் ஓடியது.
ஆரோக்கியநாதனுக்கு ஆசை பிடித்துவிட்டது.
"மூட்டத்துல அது பொட்டு இல்ல தம்பி, நூல்.
ஒரு நுனி பன்றிகிட்ட, மத்த நுனி உங்ககிட்ட."
"பன்றிக்கு நூல் பிடிச்சு வரத் தெரியுமா?" என்று கேட்டான்.
நானா பூனையைப் பார்த்தார்.

கடைசியில் விளக்கு. மஞ்சள்.
வெள்ளை வெளிச்சம் மூட்டத்தில் மோதித் திரும்பி
நம் முகத்திலேயே அறையுமாம்,
மஞ்சள் கொஞ்சம் உள்ளே நுழையுமாம்.
ஒன்பதாயிரத்து இருநூறு.
குழலில் மாட்டும் கிளிப்புக்கு இன்னும் ஆயிரத்து ஐந்நூறு.

மாட்டிப் பார்த்தோம். அழகாகத்தான் இருந்தது.
ஆனால் அதற்கப்புறம்
எதைப் பார்க்க வேண்டுமென்றாலும்
அதன் மேல் துவக்கை நீட்ட வேண்டும்.
வாய்க்கால் எங்கே என்று பார்க்கவும்,
நாய் நம்முடையதா என்று பார்க்கவும்,
யாரது என்று கேட்கவும்.
கிளிப் வேண்டாம் என்றேன்.
"அப்ப வெளிச்சம் யாரு பிடிக்கிறது?"
வாயைக் கொடுத்து நான் மாட்டிக்கொண்டது அப்படித்தான்.

ஐந்து இரவு, லீக்ஸ் பாத்தி ஓரம்,
உரச்சாக்கு விரித்து, பல் கிட்டித்து.
ஆரோக்கியநாதனிடம் ஒரு கணக்கு இருந்தது:
கண் மின்னினால் சிறுத்தை, நாய், மான்; சுடாதே.
மின்னாவிட்டால் பன்றி.

ஆறாம் இரவு தூறல்.
வேர் அறுபடும் சத்தம், பொறுமையாக, ஒவ்வொன்றாக.
அடித்தேன்.
கறுப்பாய், குனிந்து, மண்ணைக் கிளறிக்கொண்டு
ஒன்று நின்றது.
வெளிச்சத்துக்குத் தலை திரும்பியது.
கண் மின்னவில்லை.
என் தோளுக்குப் பக்கத்தில்
விசை பின்னுக்கு இழுபடும் சத்தம்.

கையை இரண்டு விரற்கடை உயர்த்தினேன், அவ்வளவே.
தலையில் படங்கு. கீழே வேதநாயகி.
பதினேழாம் வீடு. ஐந்நூறை
இரண்டு தவணையில் தந்தவள்.

மனுசக் கண்ணும் மின்னாது.
விளக்குப் பெட்டியில் அதைப் போட்டிருக்கவில்லை.

அணைத்தேன்.
சேற்றில் செருப்பு சளக்சளக்கென்று இறங்கிப்போவதைக்
கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.
அவன் தோட்டாவைக் கழற்ற மூன்று தரம் முயன்றான்.
வெளிச்சம் வேணுமா என்றேன்.
வேண்டாம் என்றான்.

விடிந்ததும் சங்கத்துக் கொப்பி.
லீக்ஸ் சேதம், பதினோரு தண்டு.
காரணம் என்ற கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
மூட்டம் என்று எழுதினேன்.

மீதிப் பணம் ஆயிரத்து எண்ணூறு
பிஸ்கட் டின்னில் இருக்கிறது.
கிளிப் வாங்கலாமே என்று
கூட்டத்துக்குக் கூட்டம் கேட்கிறார்கள்.
வேதநாயகி கேட்பதில்லை.