பட்டி

ஞாயிற்றுக்கிழமை சொசைட்டி ஹாலில்
கட்சிக்குள் யார் நிற்பதென்று கை தூக்குகிறார்கள்.
எங்கள் கை அறுபத்தொன்று.
எண்ணிவிட்டுத்தான் வந்திருக்கிறார் ஸ்ரீலதா டீச்சர்,
கொழிஞ்சாம்பாறையில் என் டி.டி.பி. கடைக்கு.
"நோட்டீஸ் தமிழில் வேணும். நல்ல தமிழ்."

அடித்தேன்:
எல்லாப் பட்டிக்கும் ஆழியாற்றுத் தண்ணீர்.

கூட வந்த பிஜு எழுத்துக்கூட்டிப் படித்தான்.
"பட்டிக்கோ வெள்ளம்?"
சிரித்துச் சிரித்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டான்.
அவன் மொழியில் அது நாய்.
எங்களுக்கு மாரப்பம்பட்டி,
முப்பது வீடு, ஒரு குழாய்,
திறந்தால் முதலில் காற்று,
பிறகும் காற்று.

"ஊர் என்று மாற்றலாமா?"
மாற்றலாம்.
ரேஷன் கார்டில் என் அப்பா பேரையே மாற்றியிருக்கிறார்கள்,
ஆறு மனு, ஆறும் மலையாளத்தில்,
எல்லாம் இந்தக் கம்ப்யூட்டரில்தான் கிடக்கின்றன.
வாய் வரை வந்தது. பிரிண்டருக்குத் தாள் வைத்தேன்.

டீச்சர் சிரிக்கவில்லை.
"வேண்டாம், பட்டி என்றே இருக்கட்டும்"
என்றவர், பர்ஸை மூடிக்கொண்டே,
"மாரப்பம்பட்டிக்கு எந்த பஸ்?"

பத்து வருஷ மெம்பர்.

"பஸ்ஸில்ல" என்றேன்.
இரண்டு மொழியிலும் ஏறக்குறைய அதே சொல்.
பிஜுகூட அதற்குச் சிரிக்கவில்லை.