ஆறு வார வெட்டவெளி

வேலி ஆறடிக்கு மேல் எழக் கூடாது
என்றது நகராட்சிக் கடிதம்.
புல்லைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

மறுநாளே லிம்ஃபியோர்டு பாலம் தாண்டிப் போய்
ஏழு தொட்டிப் புல் வாங்கி வந்தேன்.
மிஸ்காந்தஸ் என்று அட்டை சொன்னது.
‘பொறுமை இருக்கிறதா?’ என்றாள் கடைக்காரி.
‘கோபம் இருக்கிறது’ என்றேன்.
‘மூன்று வருடம் தாங்குமென்றால் அதுவும் போதும்.’

எல்லாம் ஒரு விளக்கால் வந்தது.
படகுக்குத் திருடன் பயம் என்று
தோர்கில்ட் தன் கொட்டகை நெற்றியில் மாட்டியது
இரவெல்லாம் என் தலையணையில் படுத்துக் கிடந்தது.
கேட்டேன், மறுத்தான்.
கத்தினேன். அவன் மனைவி இங்கர்லீஸ
ஜன்னலைச் சாத்தினாள்.

முதல் கோடையில் கணுக்கால் உயரம்.
‘உன் மதில் என் காலுறையை மறைக்கிறது’ என்று
நின்று சிரித்துவிட்டுப் போனான்.
இரண்டாம் கோடையில் இடுப்பு.
மூன்றாவதில்
நான் கை தூக்கியும் எட்டாத இடத்தில்
செம்புநிறத் தோகை விரித்தது.
அவன் வீடு போயிற்று, விளக்கும் போயிற்று.
காற்று வந்து புல்லும்போது
புல் எழுப்பும் மாவு சலிக்கும் ஓசையில்
நன்றாகத் தூங்கினேன்.

இதற்கு எரு போட்டால் கெடும்.
கொழுத்தால் சாயும், குடித்தவனைப் போல.
பட்டினி போட்டால் நிமிர்ந்து நிற்கும்.
இலையின் ஓரம் அரம்;
ரத்தம் வந்த பிறகுதான் வலி தெரியும்.
இலையுதிர் காலத்தில் வெட்டவே கூடாது.
வெட்டிய தாளின் குழலில் நீர் இறங்கி
உறைந்து தூர் அழுகும்.
குளிர் முழுக்க நிற்கட்டும்,
வெளுத்து, சலசலத்து,
அடியில் முள்ளெலி தூங்க.
மார்ச் கடைசியில்
பச்சை மூக்கு எட்டிப் பார்க்கும் முன்
கயிற்றால் இடுப்பைக் கட்டி
ஒரு சாண் விட்டு அறுக்க வேண்டும்.

அங்கேதான் என் கணக்குத் தவறியது.

பிறகு ஆறு வாரம்
எங்களுக்கு இடையே ஒன்றுமில்லை.
இரவில் கெட்டித் திரை போட்டுக்கொள்வேன்.
பகலில் அவன் சமையலறை என் சமையலறையைப் பார்க்கும்.
பார்ப்பதில்லை என்று சொல்லிக்கொண்டே பார்த்தேன்.

ஒரு வருடம், மேசையில் மாத்திரைப் பெட்டி.
அடுத்த வருடம் படிக்கட்டின் மேல்
பலகையால் ஒரு சரிவு.
அதற்கடுத்து
இங்கர்லீஸவின் நீல மேலங்கி ஆணியில், எந்நாளும் அசையாமல்.
பிறகு ஆணி மட்டும்.
இடையில் நடந்ததெல்லாம்
என் புல் வளர்ந்திருந்த மாதங்களில் நடந்திருக்கிறது.

என் இடது கை தோளுக்கு மேல் எழாததை
அவனும் பார்த்திருப்பான்.

ஒன்பதாம் ஆண்டு, நடுவில் இருந்த குத்து
உள்ளே செத்துவிட்டது.
சுற்றிலும் உயிர், மையம் வழுக்கை.
தோண்டிப் பிளந்து நடாவிட்டால் தேறாது.
மண்வெட்டியை மிதித்தேன்; துள்ளித் திரும்பியது.
ரொட்டிக் கத்தி வளைந்தது.
நிமிர்ந்தபோது
அறுத்த தாள்களைத் தாண்டி வந்து நின்றான்
மரம் அறுக்கும் ரம்பத்தோடு.
முகமன் ஏதும் சொல்லவில்லை. மண்டியிட்டான்.
முக்கால் மணி நேரம்.
பழைய கப்பற்கயிறு போல
இழை இழையாய் விட்டது வேர்.

ஒரு பாதியைக் காட்டி
‘இதை என்ன செய்வாய்?’ என்றான்.
‘குப்பைக்கு.’
‘எனக்குக் கொடு.’
கொட்டகை ஓரத்தை நோக்கித் தலையசைத்தான்.
‘அந்த விளக்கு...’ என்று ஆரம்பித்தேன்.
‘அது அவிந்து நான்கு குளிர்காலம் ஆயிற்று.
மாற்றலாம். ஏணி பிடிக்க ஆளில்லை.’

நான்கு குளிர்காலம்
இருட்டை மறைக்கப் புல் வளர்த்திருக்கிறேன்.

தூரைக் கைவண்டியில் ஏற்றினோம்,
அவன் இரு கை, என் ஒரு கை.
பாதி வழியில் நிறுத்திக் கேட்டான்:
‘எரு எவ்வளவு?’
‘வேண்டவே வேண்டாம்’ என்றேன்.
‘வேர் பிடிக்கும்வரை தண்ணீர். அவ்வளவுதான்.’