இனிக்கிற தண்ணி

மாங்குளம் சந்தி தாண்டி
ஒட்டுசுட்டான் வீதியில் ஊசி சிவப்பைத் தொட்டது.
பின்னால் பதினொரு பள்ளிப் பிள்ளைகள்.
"அன்ரி, வானுக்குக் காய்ச்சலோ?"

மூடியில் கை வைக்கவில்லை.
சூட்டோடு திறந்த ஒருவனை
வாழையிலையில் கிடத்தியிருந்ததைப் பார்த்தவள் நான்.
பாலைமர நிழலில் ஒரு மணித்தியாலம்.
பிள்ளைகள் பழம் பொறுக்கி
உதடெல்லாம் பால் ஒட்டி நின்றார்கள்.

வடித்தபோது வந்தது
பச்சையுமில்லை, துருவுமில்லை.
முன்னைய சொந்தக்காரர் ஊற்றியது பாதி,
குறையக் குறைய நான் ஊற்றிய கிணறு மீதி.
கேத்தலின் அடியில் படிகிற அதே வெள்ளைக் கல்
ரேடியேற்றரின் நரம்புகளிலும்.

கடையில் பச்சை, நீலம், ரோஸ்.
சீலை எடுக்கிறவள் மாதிரி நின்றேன்.
"நிறம் கம்பனிக்காரன்ர விருப்பம், அக்கா.
வான் என்ன கேக்குதெண்டு புத்தகத்தைப் பாருங்கோ"
என்றாள் கடைக்காரி தயானந்தி.
புத்தகம் யப்பான் மொழியில்.
படம் பிடித்து அனுப்பினேன்,
ஒசாக்காவில் மீன் வெட்டுகிற மச்சாளின் மகனுக்கு.
இரவு வேலை முடிந்து, இரண்டாம் நாள் எழுதினான்:
சிவப்பு. வேறெதோடும் கலக்க வேண்டாம், கூழாகும்.
பாதிக்குப் பாதி, காய்ச்சி வடித்த தண்ணி.
கடைசியில்,
மாமி சுகமா?

பழசு ஏழு லீற்றர், ஒரு வெள்ளைக் கானில்.
"வாய்க்காலில ஊத்துங்கோ, அக்கா.
தண்ணிதானே" என்றான் கராஜ் பெடியன் நிதுர்சன்.
அதற்குள் தட்டில் சிந்தியதை
நக்க வந்துவிட்டது அவனுடைய நாய்.
இனிக்குமாம் அது.
இனித்து, சிறுநீரகத்தில் போய் நிற்குமாம்.
செருப்பைக் கழற்றி எறிந்தேன்.
மரத்தூள் கொட்டி, ஊறவிட்டு,
கூட்டி அள்ளிப் பையில் கட்டினேன்.

அவனுக்குச் சொல்லவில்லை.
இந்த வான் வாங்கிய காசு
ஆறு வருசம் முழங்காலில் நின்று சேர்த்தது.
முகத்துக்கு முன்னால் கண்ணாடித் தகடு,
கையில் சின்ன மண்வெட்டி,
ஒரு நாளைக்கு ஒரு பாய் அகல நிலம்.
யாரோ ஒரு பின்னேரத்தில் தாட்டுவிட்டுப் போனதை
நான் மாதக்கணக்கில் கிளறினேன்.
மண் ஒன்றையும் மறப்பதில்லை,
சும்மா மூடி வைத்திருக்கும்.

கானில் சிவப்பு மையால்
பழக்கமான அந்த மண்டையோட்டை வரைந்தேன்.
கை நடுங்கவில்லை. நன்றாகத்தான் வந்தது.

புதுசை ஊற்றி, மூடி திறந்தபடி ஸ்ரார்ட் பண்ணி,
காற்றுக் குமிழ் போகட்டுமென்று ஹீற்றரைப் போட்டேன்.
வைகாசி வெயிலில், வன்னியில், ஹீற்றர்.
நிதுர்சன் சிரித்துச் சிரித்து ரயரில் இருந்துவிட்டான்.
குமிழ் நின்றது. கொஞ்சம் ஊற்றினேன். மூடினேன்.
ஊசி நடுவில்.

கிளிநொச்சியில் ஒரு பெரிய கராஜ் பழசை எடுக்குமென்றார்கள்.
நாற்பது கிலோமீற்றர், என் டீசல்.
அங்கே ஒரு நீலப் பீப்பா, பூட்டோடு.
பிறகு எங்கே போகும்?
"லொறி வரும்" என்றான் காவலில் நின்றவன்.
லொறி எங்கே போகும்?
அவன் வீதியைப் பார்த்தான்.

வெறும் கானைத் திருப்பித் தந்தான்.
"நல்ல கான் அக்கா, கழுவினால் தண்ணி அள்ளலாம்."
கத்தி கேட்டேன்.
மண்டையோட்டுக்குக் கீழே
அடியில் மூன்று ஓட்டை போட்டேன்.