முப்பத்தோராம் பக்கம்

நாடகம் மைதீன் பிச்சையுடையது.
பகலில் கெப்பல் துறைமுகத்தில் மூட்டை எண்ணுவான்,
இரவில் அதே கணக்குத் தாள்களின்
பின்பக்கத்தில் எழுதுவான்.
எழுபத்தாறில்
உரிமம் வேண்டுமென்றால் வசனம் முழுக்க
ஆங்கிலத்தில் வரட்டும் என்றார்கள்.
ஆங்கிலத்துக்கு நான்.
பக்கத்துக்கு எழுபது காசு.

"இந்த ஊரில் பர்மிட் வாங்காமல் பெய்வது
மழை மட்டும்தான்"
என்றொரு வரி.
இங்கே அடிக்கடி மழை பெய்யும்
என்று தட்டச்சு செய்தேன்.
மேசைக்கு அந்தப்பக்கம் அதிகாரி தலையாட்டினார்.
உண்மைதானே,
சன்னலுக்கு வெளியே கொட்டிக்கொண்டிருந்தது.

அவருடைய சிவப்புப் பென்சில் ஏழு இடங்களில் நின்றது.
ஏழும் எனக்கு மனப்பாடம்.
மண்டோரைக் கழுதை என்றது,
ஒரு சாமி பெயர், ஒரு தெருவின் பெயர்,
கூலி என்ற சொல் மூன்று முறை,
பசியோடு இருப்பவள் நாட்டுப்பண்ணை முணுமுணுப்பது.

மைதீனிடம் எட்டு என்றேன்.
"எட்டுதானே, பல்லையா பிடுங்கினாங்க?
தணிக்கைன்னா என்னடா,
தணிக்கிற கை.
காய்ச்சக்காரன் நெத்தியில வைக்கிற மாதிரிதான் வைப்பாங்க.
எடுக்கத்தான் மறந்துடுவாங்க."

அரங்கேற்றம் செம்பவாங் மண்டபத்தில்.
மழை வரிக்குக் கூரை அதிர்ந்தது.
மூன்றாம் வரிசையில் அதிகாரி
எல்லோரும் சிரித்து முடித்த பிறகு
சிரித்தார்.

எட்டாவது அவருடையது அல்ல.
முப்பத்தோராம் பக்கத்தில்
ஆங்கிலத்துக்குப் போகாமலே நின்றுவிட்ட ஒரு வரி.
யாரும் கேட்கவில்லை, யாரும் மிரட்டவில்லை.
மனைவிக்கு ஏழாம் மாதம்.
அடுக்குமாடி வீட்டுக்கு மனுப் போட்டிருந்தோம்.
தட்டச்சுப் பொறியில்
விரல் ஒரு வரி தாண்டி இறங்கியது.
அவ்வளவுதான்.

இன்று அந்தக் கோப்பைப் பார்க்க முடிகிறது.
கேனிங் ரைஸ் மேட்டில்,
குளிரூட்டிய அறையில்,
பேனா கூடாது, பென்சில் கொண்டுபோகலாம்.
சிவப்பு மங்கி ரோஜா நிறமாகிவிட்டது.
கோட்டுக்கு அடியில்
ஒவ்வொரு சொல்லும் படிக்கக் கிடைக்கிறது.
அதிகாரி அடித்ததெல்லாம் பிழைத்துக்கொண்டது.
முப்பத்தோராம் பக்கம் மட்டும்
வழுவழுவென்று போகிறது,
தழும்பில்லாத தோல்.
மூடும் நேரம் என்று சொல்லும்வரை பார்த்தேன்.
அந்த வரி நினைவுக்கு வரவில்லை.

ஹொங் லிம் பூங்காவில்
பெயரைப் பதிந்துவிட்டுப் பேசலாம் என்கிறார்கள்.
பேச இடம் இருக்கிறது,
வரிதான் இல்லை.
போன தேர்தலின்போது டாக்சிக்காரர்
கண்ணாடியில் என்னைப் பார்த்து,
"நீங்க என்ன நினைக்கிறீங்க அங்கிள்?" என்றார்.
இங்கே அடிக்கடி மழை பெய்யும் என்றேன்,
எழுபது காசு வாங்காமலே.

மைதீன் போய்ப் பதினோரு வருடம்.
தமிழ்ப் படி வீடு மாறியதில் எங்கோ போயிற்று.
மிச்சம் பவளக்கொடிதான், பிடோக்கில், மகனோடு.
தொலைபேசியில் கேட்டேன்.

"அந்த இடமா?
வரியத்தானே எடுத்தாங்க, நேரத்தை எடுக்கலையே.
அதைச் சொல்ல எவ்வளவு ஆகுமோ
அவ்வளவு நேரம் சும்மா நின்னேன்.
வசனம் மறந்துட்டேன்னு
பின்வரிசைல விசில் அடிச்சானுங்க."

எடுத்தது யார் என்று அவள் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
என்ன வரி அது என்றேன்.

மறுமுனையில் சத்தமில்லை.
பின்னால் எங்கோ குக்கர் ஒருமுறை கூவி அடங்கியது.
யோசிக்கிறாளா,
மறந்துதான் போனாளா,
இல்லை
அந்த இடத்தில் மறுபடி நிற்கிறாளா,
தெரியவில்லை.

நான் குறுக்கே பேசவில்லை.