பிழை பதினான்கு

இருபத்தொரு நாள் காய்ச்சலைத் தின்னக் கொடுத்தால்
அடுத்த பத்தாம் நாளுக்கு ஓர் எண்ணைத் துப்பும்.
காரைக்குடி ஆஸ்பத்திரியின் பின்கட்டில்
இன்வெர்ட்டர் முனகும் அறையில் இருக்கிறது
என் நியூரல் நெட்வொர்க்.

முதல் மாதம் அது கற்றுக்கொண்டது
எங்கள் விடுமுறையைத்தான்.
ஞாயிறு எவருக்கும் காய்ச்சல் வராது என்றது.
திங்கள் ஊரே படுத்துவிடும் என்றது.
லேப் சகாயராணிக்கு ஞாயிறு லீவு என்று
யாரும் அதனிடம் சொல்லியிருக்கவில்லை.
கிழமைக்கென்று ஒரு பத்தி சேர்த்தேன்.
மழையைச் சேர்த்தேன். ஈரப்பதம்.
பூட்டிய வீடுகளை எப்படிச் சேர்ப்பது?

இந்த ஊர்க் கணக்கில் புள்ளி என்றால் குடும்பம்;
தாலி ஏறியதும் ஒரு புள்ளி, கோயில் வரிக்கு.
என் வரைபடத்தில் புள்ளி என்றால்
ஒரு நாள், அன்றைக்கு எத்தனை உடம்பு சுட்டது.
கானாடுகாத்தானில் ஒரு வீடு.
பதினேழு புள்ளிக்குப் பாத்தியம்,
உள்ளே ஓர் ஆள் இல்லை.
வளவில் மழை இறங்கி நிற்கிறது.
புழு ஆய்வுப் படிவத்தில் முனியாண்டி
‘வீடு பூட்டு’ என்றுதான் எழுதியிருந்தார்.
அதைப் பூஜ்ஜியம் என்று தட்டியது
இயந்திரம் இல்லை, நான்.

ஐப்பசி அடைமழையில் சொன்னது:
வியாழன், இருபத்து மூன்று.
ஏன் என்று கேட்டால் பதில் வராது.
மை போட்டுப் பார்க்கிறவராவது
வெற்றிலையைக் காட்டுவார்.
இதனிடம் நாற்பதாயிரம் எடைகள்,
ஒன்றிலும் தெருப் பெயர் இல்லை.

பினாங்குக்கு மூன்று போன்.
சாவி கடைசியில்
பள்ளத்தூர்ப் பங்காளியின் ஸ்கூட்டர் பெட்டியில்.
கல்யாண அண்டாக்கள் வாய் பிளந்து நின்றன,
தலைகீழாய்த் தொங்கி
வால் நுனியில் மூச்சு வாங்கும் புழுக்களோடு.
முனியாண்டி ஒவ்வொன்றாய்க் கவிழ்த்தார்.
ஆத்தங்குடிப் பூக்கல் மேல் அவை துடித்தன.
பிறகு இன்னும் பதினோரு வீடு.

வியாழன் வந்தது.
ஒன்பது.

சிவகங்கையிலிருந்து மெயில்:
கணிப்பு 23, பதிவு 9, பிழை 14.
உரிய விளக்கம் தேவை.

எழுதுகிறேன்.
மாடலே தவறியிருக்கலாம்; அதையும் எழுதத்தான் வேண்டும்.
அண்டாதான் காரணம் என்று காட்ட
இன்னோர் ஐப்பசி வேண்டும்,
இதே மழை, இதே வீடு, பூட்டியபடியே.
அதற்கு அனுமதி கேட்கவா?

ஐந்து விளக்குப் பக்கம் டீக்கடையில்
ஒருவர் பன்னை நனைத்துத் தின்கிறார்.
வாய் கசந்தாற்போல் இல்லை.
பதினான்கில் ஒருவரோ என்னவோ,
மீதி இரண்டு ரூபாய்க்கு
சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்.