மூஞ்சிக்கல்லில் வாங்கியது

பூண்டு விற்ற காசு பாதி,
மீதிக்குத் தவணை.
செல்வின் கடைக் கண்ணாடிமேல் இரண்டை எடுத்து வைத்தான்.
இரண்டும் ஸ்வெட்டர் பைக்குள் அடங்கும்.

ஒன்று மலிவு.
மேட்டில் ஏறினால் படத்துக்கும் மூச்சு வாங்குகிறது.
மற்றதற்குக் கழுத்துண்டு.
கோழியைத் தூக்கி ஆட்டினால்
தலை மட்டும் நின்ற இடத்தில் நிற்குமே,
அப்படி.

"முகத்தை ஒருதரம் காட்டுங்கக்கா, அப்புறம் விடாது."

காட்டினேன்.
அதைக் கடைவாசலில் அவன் கையில் விட்டு
ரோட்டில் நாலடி நடந்தேன்.
மணி மூன்று. மேகம் இறங்கிவிட்டது.

என்னைத் தொலைத்துவிட்டது அது.
இடப்பக்கம் பார்த்தது, வலப்பக்கம் பார்த்தது.
போகிற ஜீப்பின் பின்னால் கொஞ்சதூரம் போய்த் திரும்பியது.
ஒரு மட்டக்குதிரையின் மூஞ்சியில் நின்று
யோசித்து,
இல்லையென்று
மறுபடி தேடியது.

"வெயில்னா சரியா இருக்கும்க்கா"
செல்வின் முகம் சுருங்கிவிட்டது.
மலிவானதை மறுபடி என் பக்கம் நகர்த்தினான்.

பூம்பாறைக் கடைசி பஸ்ஸில்
பதினோரு வருஷமாக ஏறி இறங்குகிறேன்.
காணோமென்று யாரும்
இப்படிக் கழுத்தைத் திருப்பியதில்லை.

தேடியதையே கட்டச் சொன்னேன்.

உறை தனியாக அறுநூறாம்.
வேண்டாம், பழைய குல்லாவை வெட்டித் தைத்துக்கொள்கிறேன்.
அதற்கும் குளிருமில்லையா.